சாவிக்கொத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியது

(கொல்லிமலை செம்மேட்டில், மலைப் பள்ளிகளில் புதிதாகப் பணியேற்ற ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், அலுவலகப் பணியாளர்கள் முன்னிலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செம்மேட்டில் ஒரு சொற்பொழிவு என்றால் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றியோ மலைத் தெய்வமான கொல்லிப்பாவையைப் பற்றியோ இருக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். ஓரிக்கு ஆடி மாதத்தில் அரசே விழா எடுக்கிறது. அங்கே என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பள்ளி அலுவலக அறையைப் பற்றி. பீரோவில் இருக்கும் சேர்க்கைப் பதிவேடு, மேசைமேல் இருக்கும் மடிக்கணினி, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி ஆகிய மூன்றிலும் பிள்ளைகளின் விவரங்கள் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் பொறுப்பைப் புதிதாக வருகிறவருக்கு யார், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது? சுற்றறிக்கைகள் இதைத் ‘தரவு ஆளுகை’ என்கின்றன. சுற்றறிக்கை படித்து யாரும் பொறுப்பாளியானதாக எனக்குத் தெரியவில்லை என்பதால் வேறு பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

தலைமை ஆசிரியர் மாறும்போதும் விடுதிக் காப்பாளர் மாறும்போதும் பொறுப்பு ஒப்படைப்பு நடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அலுவலகச் சடங்கு அது. போகிறவரும் வருகிறவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். பெஞ்சு எத்தனை, டெஸ்க் எத்தனை, அதில் உடைந்தது எத்தனை, ரொக்கப் பதிவேட்டில் கையிருப்பு எவ்வளவு, அரிசி எத்தனை மூட்டை, பருப்பு எத்தனை கிலோ, நிரப்பாத டி.சி. படிவங்கள் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை. ஒரு நாற்காலி குறைந்தாலும் வருகிறவர் கையெழுத்துப் போட மாட்டார். நாளைக்குத் தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். எல்லாம் சரியாக இருந்தால் சாவிக்கொத்து கைமாறும்.

இத்தனை கவனமாக எழுதுகிற பட்டியலில், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸின் கடவுச்சொல் வருவதில்லை. அது ஒரு துண்டுச் சீட்டில் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும். இல்லையென்றால் “கம்ப்யூட்டர் சாருக்குத் தெரியும்” என்பார்கள். அந்த கம்ப்யூட்டர் சார் போன வருடமே ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போயிருப்பார். கடவுச்சொல் அவரோடும் போயிருக்கும், பீரோக் கதவிலும் இருக்கும். உடைந்த நாற்காலிக்குக் கணக்குக் கேட்கிற நாம், இருநூறு பிள்ளைகளின் பிறந்த தேதிக்கும் ஆதார் எண்ணுக்கும் வங்கிக் கணக்குக்கும் கணக்குக் கேட்பதில்லை. இந்த ஒரு குறையைப் பற்றியதுதான் என் பேச்சு முழுவதும்.

மலைப் பள்ளியில் என்னென்ன விவரம் இருக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 2012 வாக்கில் எமிஸ் வந்தபோது பிள்ளைக்கு ஓர் எண், அதோடு சில அடிப்படை விவரங்கள் என்றுதான் இருந்தது. இன்று பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஆதார், பெற்றோரின் தொழில், வருமானம், கைப்பேசி எண், இனம், உடல் குறைபாடு, உயரம், எடை, தேர்வு மதிப்பெண், அன்றாட வருகை எல்லாம் அதில் ஏறுகின்றன. மத்திய அரசின் பள்ளித் தரவுத்தளமான யூடைஸ் பிளஸ் தனி. அதன் வழியாக வரும் அபார் என்ற 12 இலக்க மாணவர் அடையாள எண் தனி. உண்டு உறைவிடப் பள்ளியாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே: எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வருகிறது, எந்தப் பிள்ளை இரவில் படுக்கையை நனைக்கிறது, எந்தப் பிள்ளையைப் பார்க்க அப்பா வரவே கூடாது என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்பது வரைக்கும் காப்பாளருக்குத் தெரியும். பாதி எழுத்தில் இருக்கும், பாதி அவர் நினைவில் இருக்கும். வேறு அரசு அலுவலகம் எதிலும் இவ்வளவு அந்தரங்கமான விவரம் ஒரே இடத்தில் சேர்வதாக எனக்குத் தெரியவில்லை.

கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று எல்லாமே நாடுகள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 40 ஆயிரம். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். வீட்டில் முதல்முதலாகப் பள்ளி முடித்த தலைமுறை இப்போதுதான் வருகிறது. அப்படிப்பட்ட குடும்பத்தைப் பற்றி ஊருக்கு வெளியே இருக்கும் எழுத்து பெரும்பாலும் நீங்கள் எழுதுவதுதான். நீங்கள் முதல் வகுப்பில் எழுதும் பிறந்த தேதி அந்தப் பிள்ளை ஓய்வு பெறும் நாள்வரை கூடவே போகும்.

எனவே விவரம் வெளியே கசிவதைப் பற்றிப் பேசுவதற்கு முன், விவரம் தவறாக ஏறுவதைப் பற்றிப் பேச வேண்டும். தரவுப் பாதுகாப்பு என்று யாராவது வகுப்பெடுத்தால் திருடனிலிருந்துதான் தொடங்குவார்கள். இந்த மலையில் பிள்ளைகளுக்கு அதிகம் தீங்கு செய்தது திருடனல்ல, எழுத்துப்பிழை. நான் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சமவெளியிலிருந்து வந்த தம்பி ஒருவர் சேர்க்கைப் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் தாத்தா வந்திருக்கிறார். “என்ன ஆளுங்க?” என்று கேட்டால், “கவுண்டருங்க” என்பார். மலையில் அப்படிச் சொல்வது வழக்கம். நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ வளர்ந்த தம்பிக்குக் கவுண்டர் என்றால் ஒரே பொருள்தான் தெரியும். பிற்படுத்தப்பட்ட வகுப்பு (பி.சி.) என்று தேர்வு செய்துவிடுவார். இன்னொருவர் ‘மலையாளி’ என்ற இனப்பெயரைப் பார்த்துவிட்டுத் தாய்மொழிக் கட்டத்தில் மலையாளம் என்று போட்டுவிடுவார். இந்த மக்கள் பேசுவது தமிழ். கேரளத்தோடு அவர்களுக்குச் சம்பந்தமில்லை. இரண்டும் ஒரு நொடியில் நடக்கிற தவறு. சரிசெய்ய வருடம் ஆகும். பழங்குடியினர் சாதிச் சான்று தரும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு. அவர் விசாரிக்கும்போது பள்ளிப் பதிவைக் கேட்பார். பள்ளிப் பதிவில் ஒன்று, பெற்றோரின் பதிவில் வேறொன்று என்றால் கோப்பு நிற்கும். கோப்பு நிற்கும் காலத்தில் கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு முடிந்துவிடும்.

பெயரும் அப்படித்தான். ஆதாரில் ஒரு எழுத்து, டி.சி.யில் வேறு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து பின்னால். கல்வி உதவித்தொகை வங்கிக்கு வந்து திரும்பிப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் பெற, ஒரு பெண் 6 முதல் 12 வரை எந்தப் பள்ளியில் படித்தார் என்று தெரிய வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் அப்படியே. எமிஸ் பதிவில் நடுவே ஒரு வருடம் விட்டுப்போயிருந்தால், அந்தப் பெண் கல்லூரி அலுவலகத்துக்கும் பழைய பள்ளிக்கும் மலை ஏறி இறங்க வேண்டும். அந்த ஒரு வருடத்தை விட்டவருக்கு அது நினைவில்கூட இருக்காது. அவர் மாறுதல் வாங்கிப் போய்விட்டிருப்பார்.

அதனால் புதிதாக வருகிறவருக்குத் தலைமை ஆசிரியர் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை ‘ரகசியம்’ அல்ல. “தெரியாததை ஊகித்து நிரப்பாதே, என்னிடம் கேள்” என்பதுதான். கட்டம் சிவப்பாக நிற்கிறது, நிரப்பினால்தான் அடுத்த பக்கம் போகும் என்று செயலி அவசரப்படுத்தும். அவசரத்துக்காக ரத்த வகையில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டவர்கள் தமிழ்நாட்டில் இல்லாமலில்லை.

இனிக் கசிவுக்கு வருகிறேன். மலையில் பல ஊர்களில் இன்றைக்கும் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. பதிவேற்ற வேண்டிய வேலை இருந்தால் பெயர்ப் பட்டியலையும் ஆதார் நகல்களையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு செம்மேட்டுக்கோ, கீழே சேந்தமங்கலத்துக்கோ போவார்கள். பிரவுசிங் சென்டரில் பென்டிரைவைச் சொருகுவார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது கோப்பு அந்தக் கணினியிலேயே இருக்கும். வீணாகிப்போன அச்சுத்தாள் கடையின் குப்பைக்கூடையில் இருக்கும். கடைக்காரரும் நல்லவர்தான், ஆனால் அந்தக் கணினியில் நாளைக்கு உட்காரப்போவது யார்?

அடுத்தது வாட்ஸ்அப். “மிக மிக அவசரம், பிற்பகல் 3 மணிக்குள்” என்று குழுவில் ஒரு செய்தி விழும். யாரோ ஒரு கூகுள் தாளை உருவாக்கி இணைப்பைப் போடுவார்கள். இணைப்பு கையில் இருப்பவர் எல்லோரும் திறக்கலாம், எல்லோரும் திருத்தலாம். வட்டாரம் முழுவதிலும் உள்ள பிள்ளைகளின் விவரம் அதில் வரிசையாக இருக்கும். மூன்று மணிக்கு அவசரம் முடிந்துவிடும். தாள் மூன்று வருடம் திறந்தே கிடக்கும். குழுவிலிருந்து ஓய்வு பெற்றவர், பணியை விட்டவர் யாரையும் நீக்கியிருக்க மாட்டார்கள், மரியாதைக்குறைவாகிவிடும் என்று! மரியாதை வேறு, அனுமதி வேறு என்பதைச் சொல்லக் கொஞ்சம் முகத்தாட்சண்யம் விட வேண்டியிருக்கிறது.

யாருக்கு வேண்டும் இந்த மலைப் பிள்ளைகளின் பட்டியல் என்று நினைக்காதீர்கள். பழங்குடி மாணவருக்குக் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசு தருகிறது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பழங்குடிப் பிள்ளைகளின் பெயர், கைப்பேசி எண் கொண்ட பட்டியல் சேர்க்கை முகவர்களுக்குக் காசு. பொதுத்தேர்வு முடிந்த வாரத்தில் எந்தப் பெற்றோரிடமும் கேளுங்கள், எத்தனை கல்லூரிகளிலிருந்து அழைப்பு வந்தது என்று. எண் எங்கிருந்து கிடைத்தது? ‘விழிப்புணர்வு நிகழ்ச்சி’ நடத்த வந்தவர்கள் ஒரு தாளைச் சுற்றில் விட்டு எழுதி வாங்கியிருப்பார்கள். அல்லது புதிதாக வந்த ஒருவரிடம் “சார், லிஸ்ட் மட்டும் கொடுங்க, பசங்களுக்கு நல்லதுதான்” என்று கேட்டிருப்பார்கள். அவர் நல்ல எண்ணத்தில் கொடுத்திருப்பார். கொடுக்கக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனப் பெயர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்குத் தனிக் காயம் ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதி காரணமாகச் சக மாணவர்களால் வெட்டப்பட்டார்கள். அதையடுத்து அமைந்த ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி பற்றிய பத்தி இருக்கக் கூடாது, சாதியைச் சொல்லி மாணவரை ஆசிரியர் குறிப்பிடக் கூடாது, உதவித்தொகை பற்றி வகுப்பில் கூவாமல் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் எழுதப்பட்ட மிகச் சிறந்த தரவுப் பாடம் இதுதான். “எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்க” என்பது, ஆவணத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குச் சமம். மலைப் பள்ளியில் எல்லோரும் ஒரே இனம்தானே என்பீர்கள். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு ராசிபுரத்திலோ சேலத்திலோ போய்ப் படிப்பார்கள். இங்கே தனியே அழைத்துச் சொல்லப்பட்டுப் பழகிய பிள்ளைதான், அங்கே பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டினால் ஏன் என்று கேட்கும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. ஆதார் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் பள்ளிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று அதே நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு சொன்னது. இதைப் புதிதாக வந்த எல்லோரும் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ம வடிவத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாத வாக்கில், நடைமுறைக்கு வரும். 18 வயது நிறையாத எல்லோரும் அந்தச் சட்டத்துக்குக் குழந்தைகள். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது பொது விதி. பள்ளிகளின் கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் சில விலக்குகள் உண்டு. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இந்த 250 கோடியைத்தான் பயிற்சி வகுப்புகளில் முதல் படமாகப் போடுகிறார்கள். தொகுப்பூதியத்தில் வந்திருக்கும் தங்கையிடம் 250 கோடி என்றால் சிரிப்பு வரும், பயம் வராது. அபராதம் நிறுவனத்தின் மேல் விழுவது. அவர் மேல் அல்ல. பயம் வந்தாலும் நல்லதில்லை. மலைப் பேருந்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ கைப்பேசி தொலைந்துவிட்டது என்று வையுங்கள். அதில் பள்ளிச் செயலி திறந்தே இருக்கிறது. பயந்தவர் இரண்டு நாள் தானே தேடுவார். பயமில்லாதவர் மலையடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கியதும் யாரிடமாவது கைப்பேசி வாங்கித் தலைமை ஆசிரியரைக் கூப்பிடுவார். அரை மணி நேரத்தில் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். கசிவு நடந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு விரிவான அறிக்கை தர விதிகள் கொடுக்கும் நேரம் 72 மணி. முதல் இரண்டு நாளை ஒருவருடைய பயம் தின்றுவிட்டால் மிஞ்சுவது என்ன? “தொலைத்தால் சொல், திட்ட மாட்டேன்” என்ற உறுதியைத் தலைமை ஆசிரியர் வாய்விட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு உண்மையாகவே திட்டாமல் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

நம் மலையில் மட்டும்தான் இப்படி என்று எண்ணிச் சோர்ந்துவிட வேண்டாம். பிரிட்டனின் கல்வித் துறையில் நடந்ததைக் கேளுங்கள். 14 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களின் கல்விப் பதிவுகள், 2.8 கோடிப் பேருடையவை, ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. பயிற்சி தரும் நிறுவனம் ஒன்றுக்கு அதைப் பார்க்க அனுமதி இருந்தது. நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டது, தொழிலையும் மாற்றிக்கொண்டது; அனுமதி மட்டும் மாறவில்லை. ஆள் வயதைச் சரிபார்க்கும் வேலையை எடுத்துக்கொண்ட அந்த நிறுவனத்தின் வழியாக, இணையச் சூதாட்டத்தில் கணக்குத் தொடங்குகிறவருக்கு 18 வயது ஆகிவிட்டதா என்று பார்க்க அந்தப் பதிவுகள் பயன்பட்டன. 2022 நவம்பரில் அந்நாட்டுத் தகவல் ஆணையர் கல்வித் துறையைக் கண்டித்தார். விஷயம் வெளியானபின் துறை உட்கார்ந்து கணக்கெடுத்து, அனுமதி வைத்திருந்த 12,600 அமைப்புகளில் 2,600 அமைப்புகளின் அனுமதியை நீக்கியிருந்தது. அத்தனை பெரிய அலுவலகத்திலும் போனவரிடமிருந்து சாவியை யாரும் திரும்ப வாங்கவில்லை.

அமெரிக்காவில் பவர்ஸ்கூல் என்ற பள்ளி மென்பொருள் நிறுவனத்தில் 2024 டிசம்பரில் திருடப்பட்ட ஒரு கடவுச்சொல் போதுமாக இருந்தது. 6 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரம் தங்களிடம் இருப்பதாகத் திருடர்கள் சொன்னார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் 19 வயதுக் கல்லூரி மாணவர். நம் நாட்டிலும் பள்ளிப் பாடங்களுக்கான அரசின் திக்‌ஷா செயலியின் சேமிப்பகம் ஒன்று பூட்டப்படாமல் கிடந்தது 2023 ஜனவரியில் வெளியானது. அதில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் இருந்தன. புதிதாக வருகிறவரிடம் நான் இதையும் சொல்வேன்: உன் விவரமும் யாரோ ஒருவருடைய பீரோவில்தான் இருக்கிறது. உன் பணிப்பதிவேட்டை எழுத்தர் எப்படிக் காக்க வேண்டும் என்று நீ எதிர்பார்க்கிறாயோ அப்படிக் காப்பாற்று.

சரி, எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் இளநிலை உதவியாளராகச் சேர்கிறவருக்குப் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி உண்டு. தபால் எப்படி வாங்குவது, தன்பதிவேடு எப்படி எழுதுவது என்று அங்கே கற்றுத்தருவார்கள். பள்ளி மேலாண்மைக் குழு வழியாக மலைக்கு வரும் தற்காலிக ஆசிரியருக்கோ, ஒப்பந்த நிறுவனம் வழியாக உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு வரும் பயிற்றுநருக்கோ, சமையலருக்கோ, இரவுக் காவலருக்கோ பவானிசாகர் கிடையாது. எமிஸ் பதிவு வேலை ஆசிரியர் கையிலிருந்து பயிற்றுநர் கைக்கு மாறியிருக்கும் பள்ளிகளில், அதிக விவரம் தெரிந்தவரே அதிக நாள் இருக்கப்போகாதவராக இருக்கிறார். அவர்களுக்குப் பவானிசாகராக இருக்க வேண்டியது தலைமை ஆசிரியரின் மேசை.

ஆகவே ஒப்புகைச் சீட்டில் கையெழுத்து வாங்கி முடித்துக்கொள்ளாதீர்கள். சேர்ந்த அன்று எட்டுப் பக்கம் கொடுத்தால் எட்டாம் பக்கத்தின் அடியில் கையெழுத்து வரும். ஏழு பக்கமும் படிக்காமல் வரும். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். இது யாருடைய விவரம், இதை யார் கேட்கலாம், கேட்டால் யாரிடம் அனுப்ப வேண்டும், இதில் நீ எதை மட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். காப்பாளருக்குச் சொல்வது வேறு, சமையலருக்குச் சொல்வது வேறு. சமையலருக்கு எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பது தெரிய வேண்டும். அந்தப் பிள்ளையின் அப்பா சிறையில் இருப்பது தெரிய வேண்டியதில்லை. காவலருக்கு யார் வந்தால் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பது தெரிந்தே ஆக வேண்டும். காரணம் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1974 முதல் இருக்கும் கல்விப் பதிவுச் சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது: பள்ளி ஊழியர் என்பது போதாது, இந்த விவரம் உன் வேலைக்குத் தேவையா?

பிறகு கேள்வி கேட்டுப் பாருங்கள். “கல்லூரியிலிருந்து ஒருவர் பழத்தோடு வந்து பட்டியல் கேட்கிறார், நான் ஊரில் இல்லை, என்ன செய்வாய்?” “மாமா என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து பெண் பிள்ளையின் விடுதி அறை எண்ணைக் கேட்கிறார், என்ன சொல்வாய்?” “பஞ்சாயத்தில் வேண்டியவர் ஒருவர், ஒரு குடும்பத்தின் வருமானச் சான்று நகலைக் காட்டச் சொல்கிறார்?” பதில் சொல்லத் திணறுகிற இடத்தில்தான் பாடம் இருக்கிறது. அதே கேள்விகளை ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள். சேர்ந்த அன்று அவர் காதில் ஏறியது விடுதி அறை எங்கே, சாப்பாடு எங்கே, சனிக்கிழமை கீழே இறங்கப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதுதான்.

பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கவும் புதியவருக்குச் சொல்லித்தர வேண்டும். அபார் படிவத்தில் ஒப்புதல் தருவதும் தராததும் பெற்றோர் விருப்பம். கூட்டம் நடக்கும் நாளில் வரிசையில் நிற்க வைத்து ரேகை வாங்குவது ஒப்புதல் ஆகாது. அப்பாவும் அம்மாவும் வேலைக்கு வெளியூர் போயிருப்பார்கள், பாட்டிதான் வருவார். “இது எதுக்கு சாமி?” என்று அவர் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல உங்களுக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தப் படிவம் எதற்கென்று உங்களுக்கே தெரியவில்லை.

மறைக்கக் கூடாதவை இரண்டு. பொறுப்பு என்ற பெயரில் எல்லாவற்றையும் பூட்டிவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. முதலாவது, பள்ளியின் பொதுக் கணக்கு. பிள்ளையின் பெயர் மறைவு. அரிசி மூட்டையின் கணக்கு மறைவல்ல. காலிப் பணியிடம் எத்தனை, விடுதிக்கு வந்த நிதி எவ்வளவு, கழிப்பறை எத்தனை வேலை செய்கிறது என்பதை ஊர்க்காரர் கேட்டால் ‘டேட்டா’ என்று சொல்லித் தப்பக் கூடாது. இரண்டாவது, பிள்ளைக்கு நேர்ந்த கொடுமை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறையிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ சொல்லியே ஆக வேண்டும். பள்ளியின் நற்பெயர் அதற்குத் தடையல்ல. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் பிள்ளையின் அடையாளம் வெளிவரக் கூடாது என்கின்றன. சொல்ல வேண்டிய இடத்தில் உடனே சொல். மற்ற இடத்தில் ஒரு எழுத்தும் சொல்லாதே. நடைமுறையில் நாம் தலைகீழாகச் செய்கிறோம்: காவல் நிலையத்துக்குச் சொல்லத் தயங்குகிறோம், ஆசிரியர் அறையில் தேநீரோடு பேசிவிடுகிறோம். புதிதாக வருகிறவர் முதல் வாரத்தில் ஆசிரியர் அறையில் கேட்பதைத்தான் பள்ளியின் விதி என்று எடுத்துக்கொள்வார், நீங்கள் கையெழுத்து வாங்கிய தாளை அல்ல. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்விக்கான உதவி எண் 14417 இரண்டும் அந்த அறையின் சுவரில் இருக்கட்டும்.

தலைமை ஆசிரியர்களிடமும் பழங்குடியினர் நல அலுவலர்களிடமும் ஒரு கோரிக்கையை வைத்து முடிக்கிறேன். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, உங்கள் பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தில் அரிசி மூட்டைக்குக் கீழே நான்கு வரிகள் சேருங்கள்: கடவுச்சொற்கள் மாற்றப்பட்ட தேதி, வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் கூகுள் தாள்களிலிருந்தும் நீக்கப்பட்டவர்கள், ஆதார் நகல்களும் சான்றிதழ் நகல்களும் இருக்கும் இடமும் எண்ணிக்கையும், திருத்தம் கேட்டு நிலுவையில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியல். ஒப்பந்தத்தில் வந்து மூன்று மாதத்தில் போகிறவருக்கும் அதே படிவம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை, நிதி வேண்டியதில்லை, 2027 மே வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நான்காவது வரியை மட்டுமாவது இந்த ஆண்டே எழுதுங்கள். அதில் இருக்கும் பிள்ளைகள் கலந்தாய்வுக்குப் போக வேண்டும்.